உரக் கழிப்பறையில் அம்மோனியா நெடி: சிக்கல் ஹோஸில் இருந்தது

சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தைத் தண்ணீர் இல்லாமல் மரத்தூளோடு வாளியில் சேர்க்கும் உரக் கழிப்பறையில், கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி. பல நாள் இழுத்தடித்து ஒருவழியாகச் சரியாகிவிட்டது; பெரிய நிம்மதி.

முதலில் மரத்தூளை இரட்டிப்பாக்கினேன். ஒரு நாள் அடங்கி மறுபடி வந்தது. அடுத்து, காற்றை வெளியேற்றும் விசிறியைச் சோதித்தேன். மூடியை லேசாகத் தூக்கி இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் உள்பக்கம் இழுபட்டது, காற்றோட்டத்தில் குறையில்லை.

துப்பு கொடுத்தது திடக்கழிவு வாளிதான். நடுவில் உலர்ந்த தூள், முன்விளிம்பில் மட்டும் கருத்த ஈரம். அப்படியென்றால் சிறுநீர்க் கிண்ணம் வடியாமல் நிரம்பி, தடுப்பின் மேல் வழிந்து வாளியில் விழுகிறது.

கிண்ணத்திலிருந்து சிறுநீரை வெளியேற்றும் ஹோஸைக் கழற்றினால், தொய்ந்திருந்த வளைவில் வெளிறிய கெட்டிப் படிவு. தேங்கிய சிறுநீரில் யூரியா சிதைந்து காரத்தன்மை ஏறும்போது பாஸ்பேட் உப்புகள் இப்படிப் படியும். 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, ஹோஸில் நிரப்பி இரவு முழுக்க விட்டேன், இளகி வந்துவிட்டது. (பிளீச்சை இதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.) பிறகு 25 மி.மீ. ஹோஸை மீட்டருக்கு 4 செ.மீ. சரிவில், எங்கும் தொய்யாதபடி கிளிப் அடித்து மாட்டினேன். நனைந்த தூளை அகற்றியதும் நெடி போய்விட்டது. இப்போது வாரம் ஒருமுறை அரை கப் வினிகர் ஊற்றுகிறேன், படிவு சேரவில்லை.