கடைசிப் பல்லவியில் கீ மாற்றுவது எப்படி?

பாட்டு வரி ‘மாற்றம்’ பற்றிப் பேசும் இடத்தில் கீயும் (பாட்டின் அடிப்படைச் சுருதி) ஏறினால் சொல்லுக்குத் தனி வலு வரும். மைக்கேல் ஜாக்சனின் ‘மேன் இன் த மிரர்’ (1987) பாட்டில் ‘சேஞ்ச்’ (மாற்றம்) என்ற சொல்லிலேயே கீ அரைச்சுரம் ஏறுகிறது. அற்புதமான இடத்தேர்வு!

ஜி மேஜர் கீயிலிருந்து ஏ ஃப்ளாட் கீக்குப் போக, இடையில் ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) ஈ ஃப்ளாட் செவன் என்ற கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசியுங்கள். ஜி கார்டுக்கும் இதற்கும் ஜி சுரம் பொது. பாடுபவர் அதையே பிடித்திருந்து, புதிய கார்டு விழும்போது ஏ ஃப்ளாட்டுக்கு ஏறட்டும். இந்தக் கார்டு இல்லாவிட்டால் பழைய சுருதியிலேயே தொடங்கிவிட வாய்ப்பு அதிகம்.

புதிய கீயில் உச்ச சுரத்தை முதலில் பாடிப் பாருங்கள். குரல் திணறினால் பாட்டை எஃப் மேஜரில் தொடங்குங்கள். அப்போது இணைப்புக் கார்டு சி ஷார்ப் செவன். கிட்டாரில் கேப்போவை (சுருதியை உயர்த்தத் தந்திகள் மேல் மாட்டும் கிளிப்) நடுவில் நகர்த்த நேரம் கிடைக்காது, ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கார்டுகளைப் பழகிக்கொள்ளுங்கள்.