மெயில்லயும் மீட்டிங்லயும் நாம அடிக்கடி பண்ற தப்புகள்

எழுதும்போது தேவையானத விட்டுடறோம், ஆள் எதிர்ல இருக்கும்போது அவர் மூஞ்சிய பாத்து இல்லாததெல்லாம் படிச்சுக்கறோம். ஆபீஸ்ல வர்ற மனஸ்தாபம் நெறைய இந்த ரெண்டு எடத்துலதான் ஆரம்பிக்குது. வேலை நல்லா தெரிஞ்சவங்களுக்குள்ளயே பேச்சுவார்த்தை நின்னு போற அளவுக்கு போயிடுது.

எழுத்துலேந்தே வர்றேன். சாட்ல "ஹாய்"னு மட்டும் போட்டுட்டு காத்துட்டு இருக்கறது ரொம்ப சகஜமாயிடுச்சு. அந்தப் பக்கம் இருக்கறவர் செஞ்சிட்டிருந்த வேலைய நிறுத்திட்டு "சொல்லுங்க"ன்னு போடுவார், அப்புறம் நீங்க டைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருக்கணும், இதுல நீங்க நடுவுல டீ குடிக்கப் போயிட்டா அவ்ளோதான். மேனேஜர்கிட்டேந்து "ஃப்ரீயா? பேசணும்"னு மட்டும் வந்தா ஜூனியருக்கு வயித்துல புளிய கரைக்கும், சின்ன சந்தேகம் கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க, ஆனா அது தெரியற வரைக்கும் வேற எந்த வேலையும் ஓடாது. வணக்கம் தாராளமா சொல்லுங்க, அதே மெசேஜ்லயே எதுக்குன்னும் சொல்லிடுங்க.

அடுத்தது மொட்டை மெசேஜ். "அந்த ஃபைல் என்னாச்சு? சீக்கிரம் அனுப்பவும்." இத வாங்கறவர் நெலமைய யோசிச்சு பாருங்க. எந்த ஃபைல், முழுசாவா ஒரு பகுதியா, சீக்கிரம்னா இன்னிக்கா நாளைக்கா, "என்னாச்சு"ன்னு கேக்கறது விசாரிக்கறதா இல்ல திட்டறதா, இவ்ளோத்தையும் அவரே ஊகிக்கணும். இதையே இப்படி எழுதலாம்: "மார்ச் மாச ரிப்போர்ட்ல மூணாவது பக்க டேபிள் மட்டும் எனக்கு வேணும், நாளைக்கு காலைல 11 மணி மீட்டிங்ல காட்டணும், 10 மணிக்குள்ள அனுப்ப முடியுமா? முடியாதுன்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, நான் பழைய டேபிள வெச்சு சமாளிச்சுக்கறேன்." கூட ஒரு நிமிஷம் ஆகும், அவ்ளோதான். இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது அந்த கடைசி வரி. முடியாதுன்னு சொல்றதுக்கு நீங்களே வழி விட்டா, எதிராளி பயந்துகிட்டு "பாக்கறேன்"னு இழுக்க மாட்டார், நேரடியா பதில் வரும். "அவசரம்", "உடனே" இதெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அர்த்தம், தேதியும் மணியும் எல்லாருக்கும் ஒண்ணுதான். வேற நாட்டுல இருக்கற டீமுக்கு எழுதினா எந்த ஊர் நேரம்னும் சேத்து போடணும்.

கிண்டல், குத்தல் பேச்சு, இத மெயில்ல வெச்சுக்கவே வெச்சுக்காதீங்க. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லின்னு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேந்து 2005ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ஒரு வாக்கியம் சீரியஸா சொன்னதா கிண்டலா சொன்னதான்னு மெயில படிக்கறவர் 78 சதவீத தடவை சரியா கண்டுபிடிச்சிடுவார்னு அனுப்பினவங்க நம்பினாங்க, ஆனா நிஜத்துல சரியா கண்டுபிடிச்சது 56 சதவீத தடவைதான், அது காசு சுண்டி பாத்து சொல்றத விட கொஞ்சம்தான் மேல. அதையே வாயால சொன்னப்போ 73 சதவீதம் சரியா வந்துது. காரணம் என்னன்னா எழுதும்போது நம்ம குரல் நம்ம மண்டைக்குள்ள கேட்டுட்டே இருக்கு, படிக்கறவருக்கு வெறும் எழுத்து மட்டும்தான் போகுது. அதனால ஒருத்தர் வேலைல குறை சொல்லணும்னா ஃபோன் போட்டு பேசிடுங்க, பேசி முடிச்சப்புறம் முடிவான விஷயத்த மட்டும் எழுதுங்க.

இதோட மறுபக்கமும் இருக்கு, அடுத்தவங்க எழுதினத நாம அளவுக்கு மீறி படிக்கறது. "சரி"ன்னு வந்தா பரவால்ல, "சரி."ன்னு புள்ளியோட வந்தா கோவமா இருக்காரோன்னு தோணும். 2015ல அமெரிக்காவோட பிங்ஹாம்டன் யுனிவர்சிட்டில இத சோதிச்சு பாத்தாங்க, ஒத்த வார்த்தை டெக்ஸ்ட் மெசேஜ் புள்ளியோட வந்தா அதுல மனப்பூர்வம் கம்மின்னு படிக்கறவங்க நெனைச்சாங்க, அதையே கையால எழுதின சீட்டா காட்டினப்போ வித்தியாசம் இல்ல. புள்ளி வெச்சே பழகின ஆளு அவர் பாட்டுக்கு வெப்பார், அத வெச்சு ராத்திரி பூரா யோசிச்சிட்டு இருக்காதீங்க.

சிசி, அதாவது மெயிலோட காப்பி இன்னொருத்தருக்கும் போற மாதிரி அவரையும் சேக்கறது, இந்த விஷயத்துல என் அபிப்ராயம் கொஞ்சம் கறார்தான். ஒருத்தர்கிட்ட மொத தடவை ஒரு விஷயம் கேக்கும்போதே அவரோட மேனேஜர சிசில போடறது மிரட்டல்தான், நீங்க எவ்ளோ மரியாதையா எழுதியிருந்தாலும் சரி. ரெண்டு தடவை கேட்டும் பதில் வரலைனா அப்புறம் போடுங்க, "இவரையும் சேத்திருக்கேன், இன்ன காரணத்துக்காக"ன்னு ஒரு வரி சொல்லிட்டு போடுங்க. ரிப்ளை ஆல் அழுத்தறதுக்கு முன்னாடி யார் யார் இருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க. தப்பா போனா திருப்பி எடுத்துக்கலாம்ங்கற தைரியம் வேணாம், ஜிமெயில்ல அனுப்பினத நிறுத்த அதிகபட்சம் 30 செகண்ட்தான், அவுட்லுக்ல திரும்ப எடுக்கற வசதி உங்க நிறுவனத்துக்கு வெளில போன மெயிலுக்கு வேலை செய்யாது. பெறுநர் கட்டத்த கடைசியா நிரப்பற பழக்கம் இதுக்கு நல்ல காப்பு.

எமோஜியையும் லேசா எடுத்துக்காதீங்க. கனடாவோட சஸ்காட்செவான் மாகாணத்துல ஒரு விவசாயிக்கு தானிய ஒப்பந்தத்த படம் புடிச்சு அனுப்பி உறுதி பண்ண சொன்னாங்க, அவர் கட்டை விரல் எமோஜி போட்டார். "வந்து சேந்துதுன்னு சொல்லத்தான் போட்டேன்"னு அவர் வாதாடினாலும் 2023ல கோர்ட் அத சம்மதம்னே எடுத்துக்கிட்டு 82,000 டாலருக்கு மேல கட்ட சொல்லிடுச்சு. பாத்துட்டேன்னா "பாத்துட்டேன், நாளைக்கு பதில் சொல்றேன்"னு எழுதிடலாமே.

இப்போ உடல்மொழிக்கு வர்றேன். இதுல மொத தப்பு, "பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55"ங்கறத வேதவாக்கா நம்பறது. ட்ரெய்னிங் க்ளாஸ்ல எல்லாம் இத சொல்லுவாங்க. உளவியல் பேராசிரியர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல பண்ண சோதனைகள்லேந்து வந்த கணக்கு அது, ஒருத்தருக்கு நம்மள புடிச்சிருக்கா இல்லையாங்கற மாதிரி உணர்ச்சிய சொல்லும்போது வார்த்தையும் குரலும் முகமும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா எத நம்பறோம்ங்கறதுதான் அதோட விஷயம். எல்லா பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லியிருக்கார். இத நம்பிகிட்டு சொல்ல வேண்டியத தயார் பண்ணாம நிமிந்து நின்னா போதும்னு போறவங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கு.

கைய கட்டிட்டு உக்காந்தா நாம சொல்றது புடிக்கல, கண்ண பாத்து பேசலைனா பொய் சொல்றாங்கன்னு முடிவு கட்டறதும் இதே வகைதான். ஏசி குளிரா இருக்கலாம், கூச்சமா இருக்கலாம், பெரியவங்கள நேருக்கு நேர் பாக்கறது மரியாதை இல்லன்னு வளந்திருக்கலாம். பொய்ய கண்டுபிடிக்கறதுல மனுஷங்க எவ்ளோ கெட்டின்னு 2006ல பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்து பாத்தப்போ சராசரியா 54 சதவீதம்தான் சரியா சொன்னாங்க. இன்டர்வியூ எடுக்கறவங்க இத கட்டாயம் மனசுல வெச்சுக்கணும், இதனால ஒருத்தரோட வேலையே போகுது. சந்தேகமா இருந்தா "உங்களுக்கு இதுல ஏதாவது தயக்கம் இருக்கா?"ன்னு கேட்டுடுங்க.

நம்ம உடம்ப நாம கவனிக்காததுதான் பெரிய குறை. ஒருத்தர் வந்து பிரச்சனைய சொல்லும்போது லேப்டாப்ல டைப் பண்ணிட்டே "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்"னா, இங்கதான் வார்த்தையும் உடம்பும் முரண்படுது, அவர் உங்க உடம்பத்தான் நம்புவார். நெஜமாவே வேலை இருந்தா "பத்து நிமிஷம் குடுங்க, முழுசா கேக்கறேன்"னு சொல்லி அனுப்பினா அவருக்கு வருத்தம் இருக்காது. உக்காந்திருக்கறவர் பக்கத்துல போய் நின்னுட்டு தலைக்கு மேலேந்து திட்டாதீங்க, ஒரு நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்து பேசுங்க. வீடியோ மீட்டிங்ல நம்ம மூஞ்சிய நாமளே பாத்துட்டிருக்கறதும் சோர்வுக்கு ஒரு காரணம்னு அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல எழுதினார், அந்த சொந்த படத்த மறைச்சு வெச்சுக்கற வசதி நெறைய ஆப்ல இருக்கு.

கடைசியா தலையாட்டல். நீங்க சொல்றப்போ நாலு பேர் தலையாட்டினா நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, பாதி பேர் "காதுல விழுது"ன்னு ஆட்டியிருப்பாங்க. மீட்டிங் முடிஞ்ச கையோட யார், என்ன, எந்த தேதிக்குள்ளன்னு மூணு வரி மெயில் போட்டு, "இதுல ஏதாவது மாத்தணும்னா நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க"ன்னு முடிங்க. மீட்டிங்ல வாயே தெறக்காத ஒருத்தர்கிட்டேந்து அப்பத்தான் "அந்த தேதி எனக்கு சரிப்படாது"ன்னு பதில் வரும்.