ஆட்டோமேட்டிக் கதவு பெரந்திஸ் (தொழில் பழகற) பசங்களுக்கு: கடைசி அசெஸ்மென்டை ஸ்டெப் ஸ்டெப்பா எப்படி செய்யறது

இது சுங்கை சிப்புட், குவாலா கங்சார் பக்கத்துலேருந்து தினமும் ஈப்போவுக்கு பைக்குல போய் ஆட்டோமேட்டிக் கதவு வேலை கத்துக்கற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும். கடைசி அசெஸ்மென்ட் நெருங்கிட்டா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "அண்ணே, என்ன கேப்பாங்க?" கதவு திறந்து மூடிட்டா பாஸ்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்ல. திறந்து மூடறதை மோட்டர் பாத்துக்கும். நீங்க காட்ட வேண்டியது அந்தக் கதவு யாரையும் இடிக்காது, நசுக்காது, உள்ளே மாட்ட வைக்காதுங்கறதை, அதுவும் வாயால சொல்லி இல்ல, அளந்து.

நம்ம ஊர் கிளினிக் வாசலை நினைச்சுக்குங்க. தோட்டத்துலேருந்து பஸ் ஏறி வந்த பாட்டி, முட்டி வலி, ஒரு கையில மருந்துப் பை, இன்னொரு கையில குடை, கதவு திறந்ததும் நேரா உள்ள போக மாட்டாங்க, வாசல்லயே நின்னு பின்னாடி வர்ற பேரனைத் திரும்பிப் பாப்பாங்க. அந்த நேரம் பாத்து கதவு மூட வந்தா? இந்தப் பாட்டிக்கு எது சரியோ அதுதான் சரியான செட்டிங், கீழ சொல்றதெல்லாம் அவங்களை மனசுல வச்சுத்தான்.

ஸ்டெப் 1: காகிதம்

இதை முதல்ல முடிங்க, ஏன்னா கடைசி வாரத்துல ஓடவே முடியாது. எஸ்எல்டிஎன் (வேலையில இருந்துக்கிட்டே தொழில் கத்துக்கற தேசியப் பயிற்சி) 2005-லேருந்து நடக்கற திட்டம், அதுல 70-லேருந்து 80 விழுக்காடு நேரம் கம்பெனியில வேலை செஞ்சே கத்துக்கறோம், மிச்சம்தான் சென்டர்ல கிளாஸ். சிஜில் (திறன் சான்றிதழ்) வர்றது தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டம் 652 கீழ, 2006-ஆம் வருஷத்துது. உங்க பயிற்சி எந்த நோஸ் (ஒரு தொழிலுக்கான தேசிய திறன் தரம்) கீழ பதிவாகியிருக்குன்னு சென்டர்ல கேட்டு அந்தக் காகிதத்தை கையில வாங்கிடுங்க. மெக்கட்ரானிக்ஸா, எலெக்ட்ரிக்கலா, வேற எதுவுமான்னு கூட தெரியாம இருக்கறவங்க இருக்காங்க. அதுல போட்டிருக்கற வேலைப் பட்டியலை உங்க லோக் புக்கோட பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா டிக் பண்ணுங்க, டிக் விழாத வேலை எது எதுன்னு சூப்பர்வைசர்கிட்ட காட்டி அதை இப்பவே செய்யக் கேளுங்க.

இங்கிலாந்துல ஆளுங்க நடந்து போற பவர் கதவை மாட்டி சர்வீஸ் பண்றதுக்குன்னே தனி அப்ரெண்டிஸ்ஷிப் இருக்கு, லெவல் 2. அந்த முறையில வேலை கொடுத்தவர் முதல்ல "இவர் தயார்"னு ஒத்துக்கணும், அப்புறம்தான் வெளியிலேருந்து அசெஸர் வருவாரு. நல்ல வழக்கம் அது. நம்ம பக்கமும் உங்க சீனியரை ஒரு நாள் அசெஸரா நிக்க வச்சு முழுசா ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.

ஸ்டெப் 2: பை

முந்தின நாள் ராத்திரியே அடுக்கிடுங்க. மல்டிமீட்டர், வோல்டேஜ் டெஸ்டர், டேப், ஸ்பிரிட் லெவல், அலன் கீ செட், ஃபோர்ஸ் கேஜ், ஸ்டாப்வாட்ச் (போன்ல இருக்கறதே போதும், ஆனா கேட்டுக்குங்க, சில இடத்துல போன் உள்ள விட மாட்டாங்க), பூட்டு, டேக், தடுப்பு டேப், கையுறை, கண்ணாடி, சேஃப்டி ஷூ. மீட்டர் பேட்டரியைப் பாருங்க. புரோப் வயர் உறை கிழிஞ்சிருந்தா அதை கொண்டே போகாதீங்க, அசெஸர் கண்ணுல முதல்ல படறதே அதுதான்.

ஸ்டெப் 3: கை வைக்கறதுக்கு முன்னாடி

இங்கதான் நிறைய மார்க் போகுது, அதுவும் வேலை நல்லா தெரிஞ்ச பசங்களுக்கே போகுது, ஏன்னா தினமும் செய்யற பழக்கத்துல நேரா ஏணியைப் போட்டு கவரை கழட்டிடறாங்க. நில்லுங்க. முதல்ல வாசலை சுத்திப் பாருங்க. ஆளுங்க எந்தப் பக்கம் வர்றாங்க, வேற வழி இருக்கா, கீழ தண்ணி இருக்கா, கண்ணாடி விரிசல் இருக்கா. அங்க வேலை செய்யறவங்ககிட்ட சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் தடுப்பு போடுங்க. அதுக்கப்புறம் கரண்டை அணைச்சு ஐசொலேட்டர்ல (கதவுக்கு வர்ற கரண்டை துண்டிக்கற சுவிட்ச்) உங்க பூட்டை மாட்டி டேக் போடுங்க, சாவி உங்க பாக்கெட்டுல.

இப்ப டெஸ்ட். டெஸ்டரை கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச ஒரு இடத்துல வச்சு அது வேலை செய்யுதான்னு பாக்கணும், அப்புறம் கதவோட டெர்மினல்ல வச்சு கரண்ட் இல்லன்னு பாக்கணும், மறுபடியும் அந்த தெரிஞ்ச இடத்துலயே வச்சு டெஸ்டர் நடுவுல செத்துப் போகலன்னு உறுதி பண்ணணும். இந்த மூணுல கடைசி ஒண்ணை விட்டுடறாங்க. நம்ம நாட்டுல உள்ள வர்றது 230 வோல்ட், அது ஒரு தப்புக்கு ரெண்டாவது சான்ஸ் தராது. உள்ள இருக்கற பேட்டரி பேக்கப்பையும் கழட்டணும், மெயின் அணைச்ச பிறகும் கதவு அதுல ஓடும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல விரல் இருந்தா அவ்வளவுதான்.

இன்னொண்ணு. கட்டடத்தோட மெயின் போர்டுலேருந்து ஐசொலேட்டர் வரைக்கும் வர்ற நிரந்தர வயரிங் எரிசக்தி ஆணையத்துல பதிவு பண்ண வயர்மேன் வேலை. "அதையும் நானே இழுத்துடுவேன்"னு அசெஸர் முன்னாடி பெருமையா சொல்லிடாதீங்க, உங்க வேலைக்கு எல்லை எங்கேன்னு தெரிஞ்சிருக்கறதும் ஒரு திறமை.

ஸ்டெப் 4: மாட்டறது

ஸ்லைடிங் கதவுன்னு வச்சுக்குவோம். வாசல் அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்து எழுதுங்க, பழைய கடை வரிசையில சுவர் நேரா இருக்கவே இருக்காது. கண்ணாடி எடையைக் கணக்கு போட்டுக் காட்டுங்க, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. 1 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், 10 மில்லி கண்ணாடின்னா 55 கிலோ. இதை ஒருத்தர் தூக்கக் கூடாது, ரெண்டு பேர், சக்ஷன் கப். ஓப்பரேட்டர் (கதவை ஓட்டற மோட்டர் யூனிட்) எவ்வளவு எடை தாங்கும்னு மேனுவல்ல பாத்து, அந்த எடையோட ஒப்பிட்டு வாய்விட்டு சொல்லுங்க.

ரெயில் லெவலா இருக்கணும், சாய்ஞ்சிருந்தா கரண்ட் இல்லாதப்போ கதவு தானா ஓடும். கதவை தொங்கவிட்டதும் கையால தள்ளிப் பாருங்க, முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி லேசா போகணும், எங்கேயாவது கனமானா மோட்டரைப் போட்டு மறைக்காதீங்க, அங்கேயே சரி பண்ணுங்க. ரெயிலுக்கு எண்ணெய் போடற பழக்கத்தை விடுங்க, தூசி ஒட்டி பசையாயிடும், காஞ்ச துணியால துடைச்சா போதும். விரல் மாட்டற இடைவெளிங்களை டேப்பால இல்ல, கேஜ் வச்சே பாருங்க. ஐரோப்பாவோட இஎன் 16005 தரம் (2012-ல வந்தது, நிறைய கம்பெனி மேனுவல்ல இதைத்தான் போட்டிருப்பாங்க) சொல்றது, இடைவெளி 8 மில்லிக்குள்ள இருக்கணும், இல்லன்னா 25 மில்லிக்கு மேல இருக்கணும், நடுவுல இருந்தா விரல் போகும், திரும்பி வராது.

ஸ்டெப் 5: வயர் போட்டு லேர்ன் ரன்

எர்த் முதல்ல. வயர் நிறத்தை மனப்பாடத்துல நம்பாதீங்க, பழைய கட்டடத்துல சிவப்பு கருப்பு இருக்கும், ஓப்பரேட்டரோட வர்ற வயர்ல பிரவுன் நீலம் இருக்கும், மீட்டர் என்ன சொல்லுதோ அதுதான். லேர்ன் ரன் அப்போ கதவு தன்னோட அகலத்தையும் எடையையும் தானே கத்துக்கும், அந்த நேரம் சென்சர் முழுசா வேலை செய்யும்னு நம்ப முடியாது, அதனால தடுப்பை எடுக்காம, யாரும் கிட்ட வராம பாத்துக்குங்க.

ஸ்டெப் 6: சென்சர்

இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும். கதவு மேல பொதுவா ரெண்டு விதமான கண்ணு இருக்கு. ஒண்ணு ரேடார், அது நகர்றதை மட்டும்தான் பாக்கும். நம்ம பாட்டி வாசல்ல அசையாம நின்னுட்டா ரேடாருக்கு அவங்க அங்க இல்ல! அதனாலதான் ரெண்டாவதா இன்ஃப்ராரெட் பிரசன்ஸ் சென்சர், அது நிக்கறவங்களையும் பாக்கும். அசெஸர் "எதுக்கு ரெண்டு?"னு கண்டிப்பா கேப்பாருன்னே நினைச்சுக்குங்க, பதிலை சொந்த வார்த்தையில சொல்லப் பழகுங்க.

இப்ப டெஸ்ட் பண்ற விதம். இஎன் 16005-ல 700 × 300 × 200 மில்லிமீட்டர் அளவுல ஒரு டெஸ்ட் பெட்டி சொல்லியிருக்கு, கிட்டத்தட்ட ஒரு சின்னப் புள்ள அளவு. பிளைவுட்ல வீட்டுலயே ஒண்ணு அடிச்சுக்குங்க, பழகறதுக்கு அது போதும். அதை வாசல் நடுவுல நிக்க வைங்க, படுக்க வைங்க, இடது ஓரம், வலது ஓரம், கதவோட பாதை முழுக்க வச்சு ஒவ்வொரு தடவையும் கதவு மூடாம நிக்குதான்னு பாத்து எழுதுங்க. கையை ஆட்டிக் காட்டறது டெஸ்ட் இல்ல. அப்புறம் ரெண்டு பக்கத்துலேருந்தும் மெதுவா நடந்து வாங்க, குறுக்கால வாங்க, சுவர் ஓரமா ஒட்டி வாங்க. கருப்புத் துணி போட்டவங்க மேல இன்ஃப்ராரெட் குறைவாத்தான் திரும்பி வரும், அதனால கருப்பு பேன்ட்ல ஒரு தடவை கண்டிப்பா டெஸ்ட் பண்ணுங்க. கதவு திறந்துக்கிட்டே பக்கவாட்டுல போகுமே, அந்த ஓரத்துல யாராவது சாய்ஞ்சு நின்னா என்னாகும், அதையும் பாருங்க, பல பேர் மூடற பக்கத்தை மட்டும் பாத்துட்டு இதை மறந்துடறாங்க.

நம்ம ஊர் மழைக்கும் யோசிக்கணும். சாயங்காலம் கொட்டற மழையை ரேடார் ஆள்னு நினைச்சு கதவை திறந்துக்கிட்டே இருக்கும், உடனே கடைக்காரர் போன் பண்ணி "ஏர்கான் எல்லாம் வெளிய போகுது லா"ன்னு கத்துவாரு, அதுக்காக சென்சிட்டிவிட்டியை ரொம்பக் குறைச்சா மெதுவா வர்றவங்களுக்கு கதவு திறக்காது. கோணத்தை மாத்திப் பாருங்க, மழை மோட் இருந்தா போடுங்க, பாதுகாப்பு சென்சரை மட்டும் குறைக்கவே குறைக்காதீங்க, யார் கேட்டாலும் சரி.

ஸ்டெப் 7: ஸ்விங் கதவு வந்தா

லோ எனர்ஜி கதவுக்கு (மெதுவா, குறைஞ்ச விசையில நகர்ற கதவு) ரெண்டு நம்பரை மறக்காதீங்க, இதுக்கு மேல போகக் கூடாது: 1.69 ஜூல், 67 நியூட்டன். முதலாவது கதவு நகரும்போது அதுல இருக்கற சக்தி, ரெண்டாவது அது தள்ளற விசை. 900 மில்லி அகலம், 40 கிலோ கதவு 90 டிகிரி திரும்ப, ஒரே வேகத்துல போறதா வச்சா, 2.8 நொடிக்குக் குறையாம எடுக்கணும், அதே அகலத்துல 60 கிலோன்னா 3.4 நொடி. கனமான கதவு மெதுவாத்தான் போகணும்ங்கறது இதுலேருந்து புரியும். ஸ்டாப்வாட்ச்ல நேரம், ஃபோர்ஸ் கேஜ்ல விசை, ரெண்டையும் ஃபார்ம்ல எழுதுங்க.

ஸ்டெப் 8: கரண்ட் போனா, தீ பிடிச்சா

எமர்ஜென்சி வழியில இருக்கற கதவுன்னா இதுதான் உயிர் போற விஷயம். எம்சிபியை (கதவுக்கு வர்ற கரண்டோட பிரேக்கர் சுவிட்ச்) அணைங்க, கதவு அந்த இடத்துக்கு என்ன முடிவு பண்ணியிருக்காங்களோ அப்படி நடந்துக்குதான்னு பாருங்க: பேட்டரியில திறந்து நிக்கணுமா, கையால தள்ளினா திறக்கணுமா. ஃபயர் அலாரத்தோட இணைச்சிருந்தா சிக்னல் வந்ததும் என்ன ஆகுதுன்னும் செஞ்சு காட்டணும், ஆனா அலாரத்தைத் தொடறதுக்கு முன்னாடி பில்டிங் ஆளுங்ககிட்ட சொல்லுங்க, இல்லன்னா பொம்பா வண்டி வந்து நிக்கும். ராத்திரி பூட்டற மோட்ல உள்ள யாராவது இருந்தா எப்படி வெளிய வருவாங்கன்னு கேட்டா பதில் தெரிஞ்சிருக்கணும்.

ஸ்டெப் 9: ஃபால்ட் கண்டுபிடிக்கறது

வழக்கமா அசெஸர் ஏதாவது ஒண்ணை கெடுத்து வச்சிருப்பாரு. உடனே கண்ட்ரோல் போர்டை கழட்டாதீங்க. கதவை தினமும் பயன்படுத்தறவங்ககிட்ட கேளுங்க, எப்போலேருந்து, மழையிலயா, காலையிலயா. அப்புறம் பாருங்க, காது வச்சு கேளுங்க. கரண்டை அணைச்சு கையால தள்ளிப் பாருங்க, அப்புறம் சப்ளை, அப்புறம் சென்சர், கடைசியாத்தான் கண்ட்ரோலர். மூடிட்டு வந்து பாதியில திரும்பிப் போகுதுன்னா கீழ ஃப்ளோர் கைடுல (கதவோட அடிப்பக்கத்தை நேரா பிடிச்சிருக்கற பாகம்) பாருங்க, செம்பனை லோரி போற ரோட்டோரக் கடைங்கள்ல செம்மண்ணு அங்கதான் இறுகிக் கிடக்கும். மூடினதும் ஆளே இல்லாம தானா திறக்குதுன்னா ரேடார் கதவையே பாக்குதா, இல்ல ஏர்கான் காத்துல ஆடற தோரணத்தைப் பாக்குதா (தீபாவளி, ஹரி ராயா, சீனப் பெருநாள் வந்தா இந்த கேஸ் வரும்). கவருக்குள்ள பல்லி செத்துக் கிடக்கறதும் உண்டு. இடி மின்னலுக்கு அப்புறம் மொத்தமா செத்துடுச்சுன்னா ஃபியூஸ், பவர் சப்ளை, அப்புறம் போர்டு. ஒவ்வொண்ணையும் எதுக்குப் பாக்கறீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்யுங்க, அசெஸருக்கு உங்க மனசு படிக்கத் தெரியாது.

ஸ்டெப் 10: ஒப்படைக்கறது

வேலை முடிஞ்சதும் டூல்ஸை எடுத்துட்டு ஓடாதீங்க. அசெஸர் அந்தக் கடைக்காரர் மாதிரி நிப்பாரு, நீங்க அவருக்கு மோட் சுவிட்ச் எப்படி, எமர்ஜென்சியில என்ன பண்ணணும், தினமும் காலையில கடை திறக்கும்போது எதைப் பாக்கணும்னு சொல்லிக் கொடுக்கணும். டெக்னிக்கல் வார்த்தை வேண்டாம். மலாயில ஒரு தடவையும் சொல்லிப் பழகிக்குங்க. இஎன் 16005 படி வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெரிஞ்ச ஆள் வந்து செக் பண்ணணும், கூட்டம் அதிகமான வாசல்னா அதுக்கும் மேல. ரிப்போர்ட்ல "ஓகே"ன்னு மட்டும் எழுதாதீங்க, நொடி, நியூட்டன், மில்லிமீட்டர்னு நம்பரா எழுதுங்க, சரியில்லாதது இருந்தா அதையும் எழுதி, கடைக்காரர்கிட்ட சொன்னதையும் எழுதி கையெழுத்து வாங்குங்க. ஆபத்தான கதவுன்னு தெரிஞ்சா ஓட விடக் கூடாது, அணைச்சு வச்சுட்டு சூப்பர்வைசருக்கு போன் போடணும், இந்தக் கேள்வியும் வரும்.

"பெலும் தெராம்பில்"னு (இன்னும் திறமை போதலன்னு) முடிவு வந்துச்சுன்னா எந்த வேலையில வந்துச்சுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, எப்போ மறுபடியும் உக்காரலாம்னு சென்டர்ல தேதி கேளுங்க, அது வரைக்கும் அந்த ஒரு வேலையையே சீனியர் கூட திரும்பத் திரும்ப செய்யுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி தடுப்பை எடுத்தாச்சா, ஐசொலேட்டர்ல மாட்டின உங்க பூட்டும் டேக்கும் கையில இருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க.