பழைய கார் ஏசி வேலை பாக்குற தம்பிமாருக்கு: இதையெல்லாம் செய்யாதீங்க

சித்திரை பொறந்தா போதும், நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில இருந்து பேட்டை வரைக்கும் எந்த ஒர்க்ஷாப்புல பாத்தாலும் பழைய ஜென், எஸ்டீம், சான்ட்ரோ பானட்டைத் தூக்கிட்டு நிக்கும், பக்கத்துல ஒரு சின்னப் பையன் பிரஷர் பாக்குற கேஜ் செட்டோட முழிச்சிட்டு நிப்பான். தொழில் பழகுன காலத்துல நாங்க அடிச்ச கூத்தையே இவனுவளும் ஒண்ணு விடாம அடிக்கானுவ. பியூஸ் பாரு, பெல்ட் பாரு, லீக்கைக் கண்டுபிடிக்காம கேஸ் அடிக்காதன்னு எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

செத்த கம்ப்ரசரை மட்டும் கழட்டிட்டு புதுசு மாட்டுறது

இதைப் பாத்தா எனக்கு இன்னைக்கும் பத்திட்டு வருது. கம்ப்ரசர் ஜாம் ஆகி நின்னா அது சும்மா நிக்கல, உள்ள இருக்குற அலுமினியத்தை அரைச்சு வச்சிட்டுத்தான் நின்னுருக்கு. கேஸோட சேந்து ஆயிலும் சிஸ்டம் பூரா சுத்துது பாத்தியளா, அந்த ஆயில்ல இந்தத் தூள் கலந்து பழைய கிரைண்டர் அச்சுல வழியுற கறுப்பு மை மாதிரி ஆயிரும். அது முதல்ல போயி உக்காருற இடம் கேஸைக் குளுர வைக்கிற கண்டன்சர், மிச்சம் மீதி ஈரத்தை உறிஞ்சுற டிரையர்லயும், கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வுலயும். அதை அப்படியே விட்டுட்டு புதுசை மாட்டுனா கண்டன்சர் பாதி அடைச்சுக் கிடக்கதால ஹை சைடு, அதான் கம்ப்ரசர் தள்ளுற பக்கத்து பிரஷர் ஏறும், ஆயில் ஒழுங்கா திரும்பி வராது, வர்ற கொஞ்ச ஆயிலும் தூளோட வரும். பெறவு அது எப்படி உழைக்கும்?

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருத்தர் எஸ்டீமுக்கு இப்படித்தான் ரீகண்டிஷன் கம்ப்ரசர் போட்டுக் குடுத்துருக்கான் ஒரு பையன். ஜில்லுன்னு இருந்துருக்கு, குடும்பத்தோட மணிமுத்தாறு எல்லாம் போயிட்டு வந்துருக்காரு. கொஞ்ச நாள்ல கடகடன்னு சத்தம். பீஸ் சரியில்ல அண்ணாச்சின்னு பழியத் தூக்கி பார்ட்ஸ் வித்தவன் மேல போட்டுட்டு இன்னொண்ணை மாட்டிருக்கான், அதுவும் போச்சு. நம்மகிட்ட வண்டி வந்ததும் நான் கண்டன்சருக்குப் போற ஹோஸைக் கழட்டி வெள்ளைத் துணியை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி எடுத்தேன், அவ்வளவுதான் செஞ்சேன். மனுசன் துணியைப் பாக்காரு, என்னையப் பாக்காரு. “ஏ தம்பி, அப்போ ரெண்டு கம்ப்ரசர் காசும் தண்டமா?”ன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?

கம்ப்ரசரைக் கழட்டுனதும் அந்தத் துணி வேலையைச் செய்யுங்க, உள்ள இருக்குற பழைய ஆயிலை வெள்ளை டப்பாவுல ஊத்தி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. மினுமினுன்னு தூள் தெரிஞ்சா டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதுசுதான், பேச்சே இல்ல. கண்டன்சர் பழைய வளைஞ்ச குழாய் டைப்னா உள்ள கழுவுற பிளஷ் மருந்து அடிச்சு நைட்ரஜன் விட்டு காயப்போடலாம். பேரலல் ஃப்ளோ டைப்னா உள்ள இருக்குற ஓட்டை அத்தனையும் பொடிசு, என்ன அடிச்சாலும் முழுசா வெளிய வராது, மாத்திருங்க. பிளஷ்ஷை கம்ப்ரசர் வழியாவோ டிரையர் வழியாவோ விடக் கூடாது. டிரையர் மூடியைக் கடைசி நிமிசம் வரைக்கும் திறக்காதீங்க, வெளிக்காத்து ஈரத்தைக் குடிச்சே அது வீணாப் போயிரும். ஆயில் அளவு கம்பெனி சொன்னது எவ்வளவோ அவ்வளவு, கூட ஊத்துனா கூலிங் குறையும். ஊத்துன பெறவு கம்ப்ரசரைக் கையால பைய ஒரு பத்து சுத்து சுத்தி விடுங்க, இல்லன்னா மொத்த ஆயிலும் ஒரே இடத்துல நின்னு ஸ்டார்ட் பண்ணுனதும் அடி வாங்கும்.

கஸ்டமர் “இவ்வளவு செலவா”ன்னு தயங்குவாரு. துணியைக் காட்டுங்க.

இன்ஜின் ஆஃப்ல கேஜ் பாத்துட்டு கேஸ் ஃபுல்லுன்னு சொல்றது

ஏசிக்குள்ள இருக்கறது ஆர் 134ஏ கேஸ்னா, 35 டிகிரி வெயில்ல சும்மா நிக்கிற வண்டியில ரெண்டு கேஜும் 115 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். உள்ள கொஞ்சம் திரவமா இருந்தாலே போதும், கால்வாசி இருந்தாலும் முழுசா இருந்தாலும் அதே நம்பர்தான். ஓட விட்டுப் பாக்கணும். ரெண்டு பக்கமும் குறைவுன்னா கேஸ் கம்மி. ரெண்டும் கூடுதல்னா கண்டன்சர் ஃபேனைப் பாருங்க, இல்ல எவனோ அள்ளி அடிச்சிருக்கான். லோ சைடு, அதான் கம்ப்ரசர் உறிஞ்சுற பக்கம் கூடி ஹை சைடு குறைஞ்சா கம்ப்ரசர் தேய்ஞ்சாச்சு. லோ சைடு மட்டும் வேக்கத்துக்குப் போகுதுன்னா எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு, பெரும்பாலும் ஈரம் உள்ள போயி ஐஸ் கட்டிருக்கும். டிரையர் கண்ணாடியில குமிழி போற வரைக்கும் கேஸ் அடிக்கிற பழக்கம் 134ஏக்கு முந்தி இருந்த ஆர் 12 கேஸ் காலத்துது, அதை 134ஏ வண்டியில செஞ்சா ஓவர் சார்ஜ்தான். ஸ்டிக்கர்ல இருக்குற கிராம் கணக்குக்கு எடை போட்டு அடிங்க.

ஆர் 12 வண்டிக்கு 134ஏ அடிக்கும்போது பழைய ஆயிலை விட்டு வைக்கிறது

பழைய ஆயிலும் 134ஏவும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. ஆயில் திரும்பி வராது. கம்ப்ரசர் காலி.

அஞ்சு நிமிச வேக்கம்

கேஸ் அடிக்கிறதுக்கு முன்னால உள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சுற வேக்கம் பம்பை அரை மணி நேரமாவது ஓட விடுங்க. கேஜ் 29 இஞ்ச் பக்கம் போனாத்தான் நம்ம ஊரு சூட்டுக்கு உள்ள இருக்குற தண்ணி கொதிச்சு ஆவியா வெளிய வரும். பம்பை நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, முள்ளு நகந்துருந்தா லீக் இருக்கு.

ஏர் கம்ப்ரசர் காத்தை வச்சு லீக் டெஸ்ட்

கூடவே கூடாது. ஈரமும் உள்ள போயிரும், பிரஷர்ல காத்தும் 134ஏவும் கலந்தா தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நைட்ரஜனும் சோப்பு நுரையும் போதும்.

லீக் அடைக்கிற மருந்து

வேண்டாம்.

சமையல் சிலிண்டர் கேஸ்

வேண்டவே வேண்டாம். டாஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் காயில் லீக் ஆனா, தீப்பிடிக்கிற அந்த கேஸ் கேபினுக்குள்ளதான் வரும்.

லீக் தேட எடுத்ததுமே டாஷ்போர்டை இறக்குறது

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து வண்டின்னா உப்புக்காத்துல கண்டன்சரும் அலுமினிய பைப் ஜாயிண்டும் வெள்ளையா பூத்துக் கிடக்கும், முதல்ல அங்கன பாருங்க. கேஸ் அடிக்கிற வாயில இருக்குற பின் வால்வு, ஜாயிண்டு ரப்பர் ஓ ரிங், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், எல்லாத்தையும் பாத்த பெறவுதான் கூலிங் காயில். அதையும் கழட்டாமலே பாக்கலாம், புளோயரை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஏசி தண்ணி வெளிய போற டிரெயின் பைப் வாயில லீக் டிடெக்டரை வச்சா சத்தம் போட்டுச் சொல்லிரும், கேஸ் காத்தை விட கனம், கீழதான் இறங்கும். கால் மேட்டுல தண்ணி நிக்கதைப் பாத்துட்டு காயில் ஓட்டைன்னு முழு டாஷ்போர்டையும் இறக்குன ஆளு ஒருத்தன் இருக்கான், அந்த டிரெயின் பைப்புல மண்ணு அடைச்சிருந்துச்சு, அவ்வளவுதான்.