புது டேக் சேர்க்கும்போது செய்யும் தவறுகள்: குறுவையில் விட்டது சம்பாவில்தான் தெரியும்

மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர் பக்கத்து நவீன அரிசி ஆலைகள் பலவற்றில் இன்று ஊறல் தொட்டி, பாய்லர், டிரையர் என்று எங்கும் சென்சார் இருக்கிறது. பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி படிக்கும் அளவுகள் எல்லாம் ஹிஸ்டோரியன் எனப்படும் தரவுத்தளத்தில் நேரத்தோடு சேர்ந்து பதிவாகும். அதில் புதிதாக ஓர் அளவைச் சேர்ப்பது, அதாவது ஒரு டேக் போடுவது, ஐந்து நிமிட வேலை. தப்பாகப் போட்டாலும் திரையில் ஏதோ ஓர் எண் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறுவைக் கணக்கையும் சம்பாக் கணக்கையும் ஒப்பிட உட்காரும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் குறுவை நெல் அரிசியாகிப் போயிருக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது அலகில். ஈரப்பத டேக்கில் ‘சதவீதம்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எதில் சதவீதம்? 100 கிலோ நெல்லில் 14 கிலோ தண்ணீர் இருந்தால், மொத்த எடைக் கணக்கில் ஈரப்பதம் 14. தண்ணீரைக் கழித்து மிஞ்சும் 86 கிலோ உலர் எடையை வைத்துப் பார்த்தால் 16.3. கொள்முதல் நிலையத்தில் பேசப்படும் 17 சதவீத வரம்பு மொத்த எடைக் கணக்கு. உலர்த்தும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரங்களில் பெரும்பாலும் உலர் எடைக் கணக்குதான் வரும். ஒரு டிரையருக்கு இதுவும் இன்னொன்றுக்கு அதுவுமாகப் பதிவானால், இரண்டில் எது நன்றாக ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? பாய்லர் அழுத்தமும் இதே கதைதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 0.98 பார். வித்தியாசம் இரண்டே சதவீதம் என்பதால் யார் கண்ணிலும் படாது.

அடுத்தது டெட்பேண்ட். மதிப்பு இவ்வளவு மாறினால்தான் பதிவு செய் என்று வைக்கும் எல்லை அது. டிஸ்க் நிறையாமல் இருக்க எல்லா டேக்குக்கும் ஒரு சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். ஈரப்பத டேக்கின் வீச்சு 0 முதல் 100 என்றால், 14-க்கும் 13-க்கும் நடுவில் நடப்பது எதுவும் பதிவாகாது. ஆனால் ஆலைக்காரருக்குக் காசு அங்கேதான் இருக்கிறது. 14 சதவீதத்தில் 100 டன் இருக்கும் நெல்லை 13 வரை காய்ச்சினால் சுமார் 1,150 கிலோ எடை காற்றோடு போய்விடும். உமியும் கூடுதலாக எரியும். வெப்பநிலைக்கு ஒரு எல்லை, ஈரப்பதத்துக்கு வேறு எல்லை என்று தனித்தனியாக வையுங்கள்.

பூஜ்யம் இன்னொரு தொல்லை. பல சென்சார்கள் தங்கள் அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகக் கம்பி வழியே அனுப்பும். அந்தக் கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும், 3.6-க்குக் கீழே போனாலே கோளாறு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதைக் கோளாறு என்று குறிக்காமல் 0 டிகிரி என்று எழுதவிட்டால் என்ன ஆகும்? டிரையர் முக்கால் மணி நேரம் 80 டிகிரியில் ஓடி, மிச்சக் கால் மணி கம்பி விட்டுப்போயிருந்தால், அந்த மணியின் சராசரி 60. டிரையரில் சூடு ஏறவில்லை என்று பாய்லர்காரருக்குத்தான் திட்டு விழும். மதிப்போடு அதன் தரத்தையும், அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். கெட்டதைச் சராசரியில் சேர்க்காதீர்கள். மின்சாரம் போன நேரத்துக்கும் இதே விதிதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படி ஓர் இடைவெளியை முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்துக் கோடு இழுத்து நிரப்பும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதை டேக் போடும்போதே அணைத்துவிடுவது நல்லது.

பழைய டேக்கைப் புது வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. டிரையரின் அடியில் இருந்த சென்சாரை, கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று மேலே மாற்றுவார்கள். டேக் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். ஆறு மாதம் கழித்து வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரியும்; காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நிலம் கைமாறினால் பட்டா மாற்றுவது போல, சென்சார் இடம் மாறினால் பழைய டேக்கைத் தேதி போட்டு மூடிவிட்டுப் புது டேக் திறக்க வேண்டும். பழைய தரவை அழிக்க வேண்டாம். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவு இருக்கும். அரிசி ஆலையில் பெரும்பாலும் ஒரே ஒரு எலக்ட்ரீசியன்தான், அதனால் குறிப்பு அவர் தலையில் இருந்தால் போதாது, தரவுத்தளத்திலும் இருக்க வேண்டும்.

ரகத்தின் பெயரை டேக் பெயரில் ஒட்டாதீர்கள். ஆடுதுறை 43-க்கு ஒரு வெப்பநிலை டேக், சி.ஆர். 1009-க்கு இன்னொன்று என்று ஆரம்பித்தால், சென்சார் ஒன்றாகவும் டேக் இருபதாகவும் ஆகிவிடும். டேக் எண்ணிக்கையை வைத்து உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள் என்றால் செலவும் ஏறும். எந்த லாட், எந்த ரகம், எப்போது ஏற்றி எப்போது இறக்கினோம் என்பதைத் தனி அட்டவணையில் வைத்து நேரத்தால் இணைத்தால் போதும்.

நேரம் என்றதும் ஒன்று. பல தரவுத்தளங்கள் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கும். இந்திய நேரத்துக்கு மாற்றாமல் ‘ஒரு நாள் உற்பத்தி’ என்று கேட்டால், உங்கள் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கும்.

கடைசியாக, டேக் போட்டதும் திரையில் எண் வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். கருவிகள் தரவைப் பரிமாறும் மோட்பஸ் முறையில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் முகவரியாக இருக்கும். அது ஒன்று தள்ளிப்போனால் பக்கத்து டிரையரின் வெப்பநிலை வரும். இரண்டும் 80-ஐ ஒட்டி இருப்பதால் சந்தேகமே வராது. சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். டெல்டா கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருப்பதால் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். அந்த டேக் மட்டும் அசைய வேண்டும், வேறெதுவும் அசையக் கூடாது. இதை ஆலை ஓடாத நாட்களிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர் மழையில் ஈர நெல்லோடு லாரிகள் வாசலில் நிற்கும்போது, டிரையரிலிருந்து சென்சாரைக் கழற்ற எந்த முதலாளியும் விடமாட்டார்.