இரத்தக்காட்டேரிக் காதல் நாவலுக்கு நகைச்சுவைத் திறனாய்வு எழுதுவது எப்படி?

பதின்ம வயதினருக்கான இரத்தக்காட்டேரிக் காதல் நாவலைக் கேலி செய்வது எளிது. அந்தக் கேலியைப் படிப்பவர், சிரித்து முடிக்கும்போது நாவலைப் பற்றிப் புதிதாக ஒன்றையாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தால்தான் வேலை கடினமாகிறது. இத்தகைய கட்டுரையை முதன்முறையாக எழுத உட்காருபவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாக விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலை வைத்துக்கொள்கிறேன். 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, 2008ஆம் ஆண்டுக்குள் நான்கு நாவல்களாக வளர்ந்த வரிசை இது. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குக் குடிவரும் 17 வயது பெல்லா, உடன் படிக்கும் எட்வர்டு ஓர் இரத்தக்காட்டேரி என்று தெரிந்த பிறகும் அவனைக் காதலிக்கிறாள் என்பதே கதை.

படி 1: பேனா இல்லாமல் ஒருமுறை படியுங்கள்

முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காதீர்கள். குறை தேடிக்கொண்டே படிப்பவருக்கு, நாவல் எந்த இடத்தில் தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டது என்பது தெரியாமலே போய்விடும். என் அக்கா மகள் இந்த நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தாள். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டபோது, “அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அவன் அவளை மட்டும்தான் பார்க்கிறான், சித்தி” என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு முகம் கொடுக்காத திறனாய்வு, எவ்வளவு சிரிக்க வைத்தாலும் அரைகுறையானது என்றே நான் கருதுகிறேன்.

படி 2: குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்

நகை எனும் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுத்திருக்கிறது: எள்ளல் (இகழ்ந்து கேலி செய்தல்), இளமை, பேதைமை (அறிவின்மை), மடன். திறனாய்வு எழுதுபவருக்கு இதைவிடப் பயன்படும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. தொடக்க நிலையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் எள்ளல் ஒன்றையே கையில் எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். நான்கு பெயர்களையும் தலைப்பாக எழுதிக்கொண்டு இரண்டாம் வாசிப்பைத் தொடங்குங்கள். எள்ளல் என்ற கட்டம் மட்டும் இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும்.

படி 3: மூன்று கட்டங்களை நாவலைக் கொண்டே நிரப்புங்கள்

முதலில் பேதைமை. எட்வர்டு 1901ஆம் ஆண்டில் சிகாகோவில் பிறந்தவன். 1918ஆம் ஆண்டில் ஸ்பானிய இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, கார்லைல் என்னும் மருத்துவர் அவனை இரத்தக்காட்டேரியாக மாற்றிவிடுகிறார். நாவல் வெளிவந்த ஆண்டை வைத்துக் கணக்கிட்டால் அவனுக்கு 104 வயது ஆகிறது. பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றலும், உறக்கமே தேவைப்படாத உடலும், முடிவில்லாத ஆயுளும் வாய்த்தவன் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று பாருங்கள். உயிரியல் வகுப்பில் பெல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் வெங்காய வேர் நுனியின் செல்கள் பிரியும் நிலைகளை அடையாளம் கண்டு தாளில் எழுதுகிறான். இந்தக் காட்சியை எழுதும்போது அடைமொழி எதுவும் சேர்க்காதீர்கள். வயதையும் வெங்காயத்தையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், சிரிப்பு தானாக வரும்.

அடுத்தது இளமை. இரண்டாம் நாவலில் எட்வர்டு பிரிந்து சென்றபின், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயரை மட்டும் தாங்கிய வெற்றுப் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காகிதத்தை வீணடித்திருக்கிறார்கள் என்று நக்கலடிக்கக் கை துறுதுறுக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 18 வயதில் ஒருவன் விட்டுப்போனால் உலகமே நின்றுவிட்டதாகத் தோன்றுவதும், பத்து ஆண்டுகள் கழித்து அதை நினைத்துச் சிரிப்பதும், இரண்டுமே உண்மைதான். இந்தக் கட்டத்தில் வரும் சிரிப்பு கனிவு கலந்ததாக இருக்க வேண்டும். ஏனென்றால் அது நாம் எல்லாரும் கடந்து வந்த வயதைப் பற்றியது.

மூன்றாவதான மடன் என்பது, கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வது. இரவு நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து தான் உறங்குவதை எட்வர்டு பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அறியும் பெல்லா, கோபப்பட முயன்றும் முடியாமல் உள்ளூரப் பெருமைப்படுகிறாள். இங்கே நகைச்சுவையைச் சற்றே குறைத்துக்கொண்டு, நாவல் எதைக் காதல் என்று நம்பச் சொல்கிறது என்பதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ‘அவளை மட்டும்தான் பார்க்கிறான்’ என்பதில் இருந்த கவர்ச்சியும் கண்காணிப்பும் ஒரே நூலின் இரண்டு முனைகள் என்பதை வாசகருக்குக் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

படி 4: உங்கள் மடனையும் சோதித்துப் பாருங்கள்

இந்த வகை நாவலைக் கேலி செய்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது வெயிலைத்தான். இந்நாவலின் இரத்தக்காட்டேரிகளின் தோல் வெயிலில் வைரம் போல மின்னுகிறது. உண்மையான இரத்தக்காட்டேரி வெயில் பட்டால் எரிந்து சாம்பலாக வேண்டாமா என்று கேட்பார்கள். ஆனால் பிராம் ஸ்டோக்கர் 1897ஆம் ஆண்டில் எழுதிய ‘டிராகுலா’ நாவலில், டிராகுலா என்னும் இரத்தக்காட்டேரிப் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறார். பகலில் அவருடைய ஆற்றல் குறையுமே தவிர, வெயில் அவரைக் கொல்வதில்லை. சூரிய ஒளியே இரத்தக்காட்டேரியை அழிக்கும் முடிவை நிலைநாட்டியது, 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் மௌனப்படம். மரபு மீறப்பட்டது என்று எழுதுவதற்கு முன் அந்த மரபு எப்போது தொடங்கியது என்று பார்த்துவிடுவது நல்லது.

படி 5: பாத்திரங்களை இடம் மாற்றிப் பாருங்கள்

ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றினால் காட்சி எப்படி ஒலிக்கிறது என்று கவனியுங்கள். பெல்லா எப்போதும் காப்பாற்றப்படும் பேதைப் பெண்ணாகவே இருக்கிறாள் என்ற விமரிசனத்துக்குப் பதிலாக, மேயரே 2015ஆம் ஆண்டில் அவளை ‘போ’ (Beau) என்னும் பெயருடைய இளைஞனாகவும், எட்வர்டை எடித் என்னும் பெண்ணாகவும் மாற்றி நாவலைத் திரும்ப எழுதினார். ஆகவே இந்தச் சோதனையை உங்கள் கண்டுபிடிப்பாக முன்வைக்காமல், மாற்றி எழுதியபோது எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.

படி 6: ஒரு பத்தியை எழுதித் திருத்துங்கள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “இந்தக் கதாநாயகன் சரியான லூசு. இதையெல்லாம் படிக்கிறவர்களுக்கு மூளையே கிடையாது.” இதில் நாவலிலிருந்து ஒரு சொல்கூட இல்லை என்பதையும், திட்டு வாங்குபவர் வாசகர் என்பதையும் கவனியுங்கள். அதே கருத்தை நாவலின் சான்றோடு எழுதினால் இப்படி அமையும்: “முதல் உலகப் போர் முடிவதற்குள் 17 வயதை எட்டிவிட்ட எட்வர்டு, வெங்காய வேரின் செல் பிரிவை இந்த ஆண்டும் சரியாகவே எழுதிவிட்டான். சாகாவரம் பெற்றவனுக்குப் பள்ளியிலிருந்து மட்டும் விடுதலை கிடைக்கவில்லை.” இரண்டாவது பத்தியில் வசைச்சொல் எதுவும் இல்லை, தகவல் மட்டுமே இருக்கிறது, சிரிப்பு கடைசி வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறது. முடிந்தவரை தகவலை முதலிலும் திருப்பத்தை இறுதியிலும் வையுங்கள். ஒரு பத்திக்கு ஒரு நகைச்சுவை போதும். இரண்டாவது நகைச்சுவை முதலாவதை விழுங்கிவிடும்.

படி 7: நாவலை விரும்பியவரிடம் கொடுங்கள்

நாவலைப் பிடிக்காதவர்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்பதால் அவர்களிடம் கட்டுரையைக் கொடுத்துப் பயனில்லை. அதை விரும்பிப் படித்த ஒருவரிடம் பென்சிலோடு கொடுத்து, முகம் சுளித்த இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள். என் வரைவில் அக்கா மகள் மூன்று வாக்கியங்களின் கீழ் கோடு போட்டிருந்தாள். வெங்காயத்தைப் பற்றிய பத்தியின் ஓரத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தாள். கோடிட்ட மூன்றையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை எந்தக் கட்டத்திலிருந்தும் வராமல் எழுதும் வேகத்தில் சேர்ந்துகொண்ட எள்ளல் என்று தெரிந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன்.