பிஃப்த் வீல்: கிரீஸ் அப்புவதற்கு முன்னால் சுரண்டுங்கள்

நம்ம ஊரில் ட்ரெய்லர் ஓட்டுகிற நிறையப் பேருக்கு பிஃப்த் வீல் பராமரிப்பு என்றால் ஒரு டப்பா கிரீஸ்தான். முன்வண்டியின் முதுகில் ட்ரெய்லரைத் தாங்கி, லாக் போட்டுப் பிடிக்கிற இரும்புத் தட்டைத்தான் பிஃப்த் வீல் என்கிறோம். முன்வண்டி கழன்று நிற்கும்போது கூட வரும் தம்பி ஏறி, இருக்கிற கறுப்புக் கிரீஸ் மேலேயே புதுக் கிரீஸை அப்பிவிடுவான், வேலை முடிந்தது. மற்ற ஊரில் இது சோம்பேறித்தனம் என்று சொல்லி விட்டுவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது தட்டையும் லாக்கையும் தின்கிற வேலை.

ஏன் என்று சொல்கிறேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட் என்கிற கனிமமும் கிடக்கிறது, இந்த கார்னெட்டைத்தான் உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். கடற்கரைச் சாலையில் அந்த மணல், ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக்காற்று வாரி அடிக்கிற புழுதி, மேற்கே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற வண்டிகள் கிளப்புகிற தூசி, எல்லாம் கிரீஸில்தான் வந்து ஒட்டும். மேலே புதுக் கிரீஸ் போட்டால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், அடியில் அந்த மணல் அப்படியே இருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் இரும்பை அராவிக்கொண்டே இருக்கும். இதோடு உப்புக்காற்று. கோடையில் வெயில், ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. கிரீஸ் கழுவிப் போன இடத்தில் துரு ஏற அதிக நாள் ஆகாது.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ட்ரெய்லரைத் தனியாக நிற்கவைக்கிற காலை இறக்குங்கள். தரை மண்ணாக இருந்தால் காலுக்கு அடியில் கனமான பலகை கட்டாயம், மழைக்காலத்தில் நம்ம செம்மண் எவ்வளவு இளகும் என்று தெரியுமே. அப்புறம் சிவப்பு, மஞ்சள் ஏர் ஹோஸ் இரண்டையும் கரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு பிஃப்த் வீல் லாக்கைத் திறக்கும் கைப்பிடியை இழுங்கள். கைப்பிடி வர மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள், கிங் பின், அதாவது ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டு லாக்கில் மாட்டுகிற பின், லாக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். முன்வண்டியை ஒரு நூல் பின்னால் தள்ளி அழுத்தத்தை விட்டால் தானாக வந்துவிடும். லாக் திறந்ததும் ஒரு அடி மட்டும் முன்னே எடுத்து நிறுத்தி, கால் எடையைத் தாங்கி நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்த பிறகு முழுதாக வெளியே எடுங்கள்.

இப்போது சுரண்டல். தகட்டு பிளேடால் மேல் தட்டு, கிங் பின்னைக் கவ்வுகிற லாக் தாடை, பின் நுழைகிற பள்ளம், ட்ரெய்லரின் அடித்தகடு எல்லாவற்றிலும் பழைய கிரீஸை முழுக்க எடுங்கள். மிச்சத்தை டீசலில் நனைத்த வேஸ்ட் துணியால் துடையுங்கள். சுரண்டியதை டப்பாவில் சேர்த்து வையுங்கள், பக்கத்துக் குளத்தங்கரையில் கொட்டாதீர்கள். எடுத்த கிரீஸை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல் உள்ளே போயிருக்கிறது, வெயிலில் மின்னினால் இரும்புத் துகள், அதாவது எங்கேயோ தேய்கிறது.

சுத்தமான தட்டு கையில் கிடைத்தபோதுதான் உண்மையான வேலை ஆரம்பம். டார்ச் அடித்து தட்டில் விரிசல், ஆழமான கீறல் உண்டா பாருங்கள். தட்டைத் தாங்குகிற பிராக்கெட்டின் போல்ட் ஒவ்வொன்றையும் பாருங்கள், போல்ட்டைச் சுற்றி செம்பழுப்பாகத் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிற அளவுக்கு முறுக்குங்கள், பைப் மாட்டி ஏறி மிதித்து முறுக்குவது அளவு ஆகாது. லாக் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டில் விரிசல் கண்டால் பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு ஓடாதீர்கள். மேல் தட்டு பெரும்பாலும் வார்ப்பு, அதில் கம்பெனி சொல்லாத வெல்டிங் ஒட்டியதுபோலத் தெரியும், பாரத்தில் விட்டுவிடும். அதை மாற்றத்தான் வேண்டும்.

கிங் பின்னை மறந்துவிடுகிறார்கள், அது ட்ரெய்லரில் இருக்கிறதாம், முன்வண்டிக்காரருக்குக் கவலை இல்லையாம். தேய்வதோ இரண்டும் சேர்ந்து. நம்ம வண்டிகளில் பரவலாக இருக்கிற இரண்டு இஞ்ச் பின், தாடை பிடிக்கிற இடத்தில் புதிதாக 50.8 மில்லிமீட்டர், 49-க்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டும். மூன்றரை இஞ்ச் பின் என்றால் 89, அதன் எல்லை 86. வெர்னியர் அளவுகோலை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இழுப்பும் பிரேக்கும் முன்பின்னாகத்தான் என்பதால் பின் வட்டமாகத் தேயாது, முன்பின் ஒரு அளவும் குறுக்கே ஒரு அளவும் எடுங்கள்.

ஓட்டும்போது பிரேக் போட்டாலும் எடுத்தாலும் டொக் என்று முதுகில் இடி விழுந்தால் இங்கேதான் எங்கேயோ தளர்வு இருக்கிறது. ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போதே அதன் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், இன்னொருவர் பக்கவாட்டில் விலகி நின்று எது அசைகிறது என்று பார்க்கட்டும். பின் சரியாக இருந்து தாடை மட்டும் தளர்ந்திருந்தால் பல மாடல்களில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ உண்டு. தேய்ந்த பின்னுக்காக லாக்கை இறுக்கி ஓட்டினால் நாளைக்கு நல்ல பின் உள்ள ட்ரெய்லர் வந்து சிக்கிக்கொள்ளும்.

அப்புறம் கிரீஸ். மாலிப்டினம் அல்லது கிராஃபைட் கலந்த, அதிக அழுத்தம் தாங்குகிற கிரீஸ் வாங்குங்கள், வீல் பேரிங்குக்கு வாங்கியதில் மிச்சம் என்று இதில் போடாதீர்கள். மேல் தட்டு, லாக் தாடை, பின் எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பூசுங்கள், குவிக்க வேண்டாம். பிராக்கெட்டில் நிப்பிள் இருந்தால் ட்ரெய்லர் பாரம் தட்டில் இல்லாத இப்போதே கிரீஸ் கன் அடியுங்கள், பாரம் இருக்கையில் அடித்தால் தேவையான இடத்துக்குப் போகாது. சில மாடல்களில் தட்டு மேல் பிளாஸ்டிக் லைனர் இருக்கும், அதன் மேல் கிரீஸ் வேண்டாம், லாக்குக்கு மட்டும் போதும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், கம்பெனிப் புத்தகத்தின் கணக்கை விட முன்னாலேயே செய்யுங்கள். தூத்துக்குடியிலிருந்து முந்திரிக் கன்டெய்னர் எடுத்து மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள், குளச்சல் கரையோரம் ஓடுகிறவர்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை முழுச்சுத்தம் வைத்துக்கொள்ளலாம். பிரஷர் வாட்டரில் வண்டி கழுவினால் அன்றைக்கே.

மறுபடி மாட்டும்போது ட்ரெய்லரின் அடித்தகடு பிஃப்த் வீலை விட ஒன்றிரண்டு இஞ்ச் தாழ்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் சரிவில் ஏறி உட்காரும். உயரமாக இருந்தால் கிங் பின் தாடைக்கு மேலே போய் நின்றுவிடும், சத்தம் மட்டும் லாக் ஆனதுபோலக் கேட்கும். சத்தத்தை நம்பி ஏறிப் போகாதீர்கள். இறங்கி, டார்ச் அடித்து, இரண்டு தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாமல் ஒட்டியிருக்கிறதா, தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி முழுக்க மூடியிருக்கிறதா, கைப்பிடி முழுசாக உள்ளே போயிருக்கிறதா, சேஃப்டி கிளிப் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏர் ஹோஸை மாட்டி, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு கீழ் கியரில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் காலைத் தூக்கிக் கட்டையை எடுக்க வேண்டும்.

கிங் பின் அளவையும் தேதியையும் ட்ரெய்லர் நம்பரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே முன்வண்டியில் பல ட்ரெய்லர் மாற்றி மாற்றி மாட்டுகிறவர்களுக்கு, எந்தப் பின் லாக்கைக் கெடுக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.